வந்து என்ன செய்வீங்க?

ஒரு கேள்வியைக் கேட்டவளுக்கே, தான் கேட்டது கேள்வியா பதிலா என்று தெரியாமல் போகுமா? எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியவில்லை. போன வாரம் நீ அடுப்படி வாசலில் நின்று, கையிலிருந்த விசா நகலைப் பார்த்தபடியே, "உம்மா, வாப்பாவ ஊருக்கு வர வேண்டாம்னு நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாய். நான் குக்கர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். யார் சொன்னது என்றேன். வாப்பாதான் பேச்சுவாக்கில் சொன்னார் என்றாய். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லாரும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாளை பகலில் கார் வருகிறது. நீ ஷார்ஜாவுக்குப் போகிறாய், கல்யாணமாகி நான்கு மாதத்தில். இப்போது நீயும் வாப்பாவும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறீர்கள். மருமகள் நஸ்ரின் மாடியில் உன் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வெளியே ஆனி மாதக் காற்று. ஒரு கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த கதவு அடிக்கிறது. தென்காசியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தக் காற்று புதிதில்லை. ஆனாலும் இந்தத் தாளை எடுத்துவைத்த பிறகு நான்கு முறை எழுந்துவிட்டேன். அதில் இரண்டு முறை எந்தக் கதவும் அடிக்கவில்லை.

அந்த மணல்மேடு உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியாது. கேட்டால் ஒட்டகம் பார்த்தோம் என்பாய். நாம் ஒட்டகம் பார்க்கவில்லை. அது பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகளிடம் சொல்வதற்காக நீ பிறகு சேர்த்துக்கொண்டது. உனக்கு அப்போது ஏழு வயது. அரையாண்டு விடுமுறையோடு நான் சில நாள் விடுப்பும் போட்டு, விசிட் விசாவில் உன்னை வாப்பாவிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாப்பா ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை பார்த்தார். நாம் அங்கே இருந்த நாட்களில் அவருக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான் ஓய்வு. முதல் வெள்ளி நாம் போய் இறங்கிய களைப்பில் போய்விட்டது. இரண்டாவது வெள்ளிதான் மணலுக்குப் போனோம்.

அவரோடு வேலை பார்த்த பாவூர்சத்திரத்து அண்ணாச்சி ஒருவர் கடை வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் நம்மைக் கூட்டிப் போனது. போகிற வழியில்தான் தெரிந்தது, உன் வாப்பாவும் இதுவரை மணல்மேட்டைப் பார்த்ததில்லை என்று. பதினோரு வருடம் பாலைவன நாட்டில் இருந்த மனிதர் அறையையும் குடோனையும் இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளிவாசலையும் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "மைனி, இவன் இங்கன பாத்த மணலெல்லாம் கட்டடம் கட்டுததுக்குக் குமிச்சுப் போட்ட மணலுதான்" என்றார். வேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்தோம். மணலைப் பார்த்ததும் அண்ணாச்சி இன்னும் கேலி செய்தார். "எங்க அக்காவக் குடுத்திருக்கது திசையன்வெளை பக்கம். அங்கன தேரிக்காட்டுல இதவிடச் செக்கச்செவேல்னு கெடக்கு மணலு. ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான். இங்கன என்னடான்னா வெள்ளைக்காரன் கேமராவத் தூக்கிட்டு ஓடியாறான்." அவர் வேனுக்குக் காவல் இருக்கிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். நாம் மூன்று பேரும் மேலே ஏறினோம்.

நான் புவியியல் படித்தவள், அதையே பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறவள். காற்று வீசுகிற பக்கம் மணற்குன்று சாய்வாக இருக்கும், மறுபக்கம் செங்குத்தாகச் சரியும், காற்று தள்ளத் தள்ளக் குன்று முழுவதும் நகர்ந்துகொண்டே போகும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறேன். நேரில் பார்த்தபோது படம் சரியாகத்தான் இருந்தது. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. மற்றபடி மணல் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மணலில் வாழ்க்கையைப் பார்க்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையும் கிடையாது.

உச்சியிலிருந்து நீ சறுக்கினாய். பாதிவழியில் ஒரு செருப்பு மணலுக்குள் போய்விட்டது. முந்தின நாள் வாப்பா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. அவர் இறங்கிப் போய் முழங்காலிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தார். தோண்டத் தோண்ட மேலிருந்து மணல் சரிந்து குழியை மூடியது. அந்தச் சரிவில் கீழிருந்து தோண்டினால் குழி நிற்காது என்று மேலே நின்ற எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பேன். நான் அப்படித்தான்.

நீ அவருக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாய். அந்தப் பத்து நாளும் நீ அவரிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே சுற்றினாய். இப்போது அவர் முகத்தை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்க்கிறவன் மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"நல்லாயிருக்கேன். நல்லா படிக்கேன். நீங்க எப்ப வருவீங்க?"

இது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது போனில் முகம் பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் நம் வீட்டுப் போனுக்கு அடிப்பார். முதலில் பெரியவர்கள், பிறகு நான், கடைசியில் நீ. உன் முறை வருவதற்குள் அவருடைய போன் கார்டு தீர்ந்துபோகும் நிலையில் இருக்கும். அதனால் ரிசீவரைக் கொடுக்கும்போதே நான் சொல்லிக்கொடுப்பேன்: நல்லாயிருக்கேன்னு சொல்லு, நல்லா படிக்கேன்னு சொல்லு, எப்ப வருவீங்கன்னு கேளு, வச்சிரு. நீ வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு வைப்பாய். வாப்பாவிடம் பேசுவது என்றால் அந்த மூன்று வாக்கியங்கள்தான் என்று உன் மனதில் பதிந்துவிட்டது. ஆள் முன்னால் இருந்தாலும், இல்லாவிட்டாலும்.

அவர் தோண்டுவதை நிறுத்தினார். "இங்கனதானலே இருக்கேன்" என்றார். நீ தலையாட்டினாய். இனி வைத்துவிடலாமா என்று கேட்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

செருப்பு கிடைக்கவில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். உன்னை இறக்கிவிட்டதும் நீ மறுபடியும் சறுக்கப் போய்விட்டாய். அவர் என் பக்கத்தில் நின்று சட்டையிலிருந்து மணலைத் தட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல், "நான் வந்துரட்டா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "வந்து என்ன செய்வீங்க?"

இவ்வளவுதான் நடந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. அவர் ஏதோ சொல்லப் போகிறவர்போல வாயைத் திறந்தார். கீழே அண்ணாச்சி ஹாரன் அடித்தார், வேனை ஏழு மணிக்குள் கடையில் விட வேண்டுமாம். இறங்கிவிட்டோம். அதன் பிறகு ஒன்பது வருடம் அவர் அங்கேதான் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார், மூன்றாவது வாரத்திலேயே போகிற தேதியைப் பேச ஆரம்பித்துவிடுவார்.

என்னிடம் கேட்டால், அக்கறையில் கேட்ட கேள்வி அது என்று சொல்வேன். தென்காசியில் அவருக்கு என்ன வேலை கிடைக்கும், கடை வைப்பதா, நெசவுக்குத் திரும்புவதா, யாராக இருந்தாலும் கேட்கத்தானே செய்வார்கள். பல வருடம் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ கேட்ட பிறகு இந்த ஒரு வாரமாக அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. அந்த வருடம்தான் என் வேலை நிரந்தரமானது. அப்போதுதான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றிருந்தேன். காலையில் என்ன சமைப்பது, உன்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மாலையில் யார் வீட்டுக்குப் போவது, எல்லாம் என் கையில் இருந்தது. ஊரில் எல்லாரும் என்னைப் பாவம் என்றார்கள். கல்யாண வீடுகளில் அதற்காகவே எனக்கு ஒரு கரண்டி அதிகம் பரிமாறினார்கள். நான் பாவம் இல்லை. எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. அதில் அவருக்கு எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. "வந்து என்ன செய்வீங்க?" என்றது அதுவாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லை என்பதால், இதில் எது உண்மை என்று எழுத எனக்குத் துணிவில்லை. இரண்டுமே உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நீ பதினோராம் வகுப்பு. முதல் ஆறு மாதம் அவர் துணிகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே இருந்தன. அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் என்னிடம், "தண்ணி எடுத்துக்கிடட்டா?" என்று கேட்பார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய ஃப்ரிட்ஜ். வந்த வாரமே ஒரு பைக் வாங்கி, உன்னைப் பள்ளியில் கொண்டுவிடுகிறேன் என்று காலையில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கூட்டாளிகளோடு பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். பதினாறு வயதில் எந்தப் பையனும் அப்படித்தான் சொல்வான், உன்மேல் எனக்குக் குறையில்லை. அவர் பைக்கைத் துடைத்து உள்ளே வைத்தார். அதன்பின் காலை நேரங்களில் அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் செய்தித்தாளை இரண்டு முறை படிக்கப் பழகிக்கொண்டார். இன்றும் அப்படித்தான்.

நான் அவரோடு கெட்டபடியாக வாழவில்லை என்பது உனக்குத் தெரியும். சண்டை கிடையாது. ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருக்கிறோம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் காட்டுகிற மரியாதை அது. இதை நீ கவனித்திருப்பாய், நஸ்ரினும் கவனித்திருப்பாள். நான்கு மாதத்தில் அவள் இந்த வீட்டில் பேசியதைவிடப் பார்த்தது அதிகம்.

இப்போது உன் விஷயம். நீ போவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. போகிறவர்கள் எல்லாரும் தப்பு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு இல்லாமல் இருக்கிற ஆண்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முடிவில் நஸ்ரினின் பேச்சு எங்கே இருக்கிறது? விசா வந்த அன்று நீ எல்லாருக்கும் லட்டு கொடுத்தாய், அவளுக்கும் கொடுத்தாய். அவள் வாங்கிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயா? அவள் பி.எட். முதல் வருடம் படிக்கிறாள், நம் வீட்டிலிருந்து போய்வருகிறாள், நீ போன பிறகும் இங்கேயே இருப்பாள் என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டோம். அந்த எல்லாரில் நானும் ஒருத்தி. அவள் அந்தப் பேச்சில் காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பாடம் நடத்துகிறவளின் பழக்கம் என்று பொறுத்துக்கொள். நாளை போகும் முன் அவளிடம் கேள். கேட்டுவிட்டு நில். நம் வீட்டு ஆண்கள் கேட்டதையே பெரிய காரியமாக நினைத்து, வந்த முதல் வார்த்தையோடு இறங்கிப் போய்விடுகிறார்கள். உன் வாப்பா அன்று இன்னொரு முறை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. வேறு ஏதாவது சொல்லியிருப்பேன் என்பது மட்டும் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. நான் கதவைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு உள்ளே வரவில்லையே என்று சொல்ல முடியாது.

வண்டிச் சத்தம் கேட்கிறது. இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டீர்கள் என்றால் அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்க விடவில்லை போலிருக்கிறது. இதை மடித்து உன் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் வைக்க வேண்டும்.

*

மறுநாள். நேற்று எழுதியதை உன் பெட்டியில் வைக்கவில்லை. இரண்டு முறை பெட்டிக்குப் பக்கத்தில் போனேன், இரண்டு முறையும் நஸ்ரின் அங்கே இருந்தாள். இதைத் தபாலில் அனுப்பும் முன், இன்று நடந்ததையும் கீழே எழுதுகிறேன். நீ அங்கே இருந்தாய், உனக்கே தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்க்கவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்து நீ கூடத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாய். வாப்பா செய்தித்தாளோடு நாற்காலியில் இருந்தார். நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நஸ்ரின் இஸ்திரி போட்ட கடைசிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ அதை வாங்கிக்கொண்டே, பாதி விளையாட்டாக, "என்ன, நான் போகட்டா?" என்று கேட்டாய்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

நீ சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குக் குனிந்தாய். என் கையில் துணி அப்படியே நின்றது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள்தான் இத்தனை பக்கம் எழுதியிருந்தேன். அப்போதுதான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உன் வாப்பா பேசினார்.

"ஏலே, அது பதிலில்ல. திருப்பிக் கேளு."

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். அவர் தாளை மடித்து மடியில் வைத்தார்.

"நின்னு கேளு. நான் ஒருக்க நிக்காம வந்துட்டேன்."

என் பக்கம் திரும்பவில்லை. நீ எழுந்து நின்று அவளிடம் மறுபடி கேட்டாய், இந்த முறை விளையாட்டாக இல்லை. நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமானால் உள்ளே போகிறேன் என்றேன். நீங்களும் இருங்க மாமி என்றாள். பிறகு, மனப்பாடம் செய்துவைத்திருந்தவள் மாதிரி, நிறுத்தாமல் சொன்னாள்.

"எனக்குப் படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுவரைக்கும் கடையநல்லூர்ல எங்க உம்மா வீட்ல இருக்கேன். முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டுக்கிடணும். முடியாதுன்னா நீங்க வந்துரணும். இங்கன இருந்து போன்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்ட என்னால ஆகாது."

அந்த 'இங்கன' எனக்குச் சுருக்கென்றது. நான்கு மாதத்தில் அவளை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவள் வந்த பிறகு அடுப்படியில் உப்பு டப்பாவை வைக்கிற இடத்தைக்கூட அவளுக்காக மாற்றியிருக்கிறேன். ஆனால் உண்மையான பதில் வேண்டும் என்று முந்தின நாள் எழுதியது நான்தான். அது எனக்குப் பிடித்ததாக இருக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. நீ என்னைப் பார்த்துவிட்டு அவளிடம், "உம்மா தனியால்லா இருப்பாங்க" என்றாய்.

"மாமாதான் இருக்காங்கல்லா" என்றாள்.

உன் வாப்பா தொண்டையைச் செருமினார். சிரித்தாரா என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் இருவரும் அறைக்குள் போய்ப் பேசினீர்கள். கார் வந்து முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவர் இரண்டு முறை வாசலுக்கு வந்து, செங்கோட்டை தாண்டினால் மழை, மலைப்பாதையில் வேகமாகப் போக முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் வெளியே வந்தபோது, அடுத்த வருடம் மே மாதம் என்று சொன்னாய். வேறெதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் போதும். நீ அதைக் காப்பாற்றுவாயா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் ஒரு மாதத்தின் பெயர் இருக்கிறது.

நஸ்ரினின் புத்தகங்களை நான்தான் இரண்டு பைகளில் அடுக்கிக் கொடுத்தேன். உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்புகிற காரிலேயே, வழியனுப்ப வந்திருந்த அவள் அண்ணனோடு கடையநல்லூர் போய்விடுவதாக ஏற்பாடு. கார் கிளம்பும்போது அவள் கண்ணாடியை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன் மாமி என்றாள். வா என்றேன். நீ கையாட்டினாய்.

மதியம் மூன்று மணிக்கு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். காற்று நிற்கவில்லை. மாடிக் கதவு அடித்தது, அவர் போய்ச் சாத்திவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன். அன்றைக்கு மணலில் ஏதோ சொல்ல வந்தீர்களே, என்ன என்று கேட்டேன். எந்த மணல் என்றார். உங்களுக்குத் தெரியும் என்றேன். அதெல்லாம் ஞாபகமில்லை என்று செய்தித்தாளை எடுத்தார். வழக்கமாக நான் இந்த இடத்தில் அடுப்படிக்குப் போய்விடுவேன். போகவில்லை, அப்படியே நின்றேன்.

அவர் ஒரு பக்கம் புரட்டினார், பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"வந்து என்ன செய்வீங்கன்னு கேட்டல்லா. புள்ளைய ஸ்கூல்ல கொண்டுபோயி விடுவேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி ஹாரன அடிச்சுட்டாரு."